ஜீவ இரசாயனத்தின் கதை – 7: கொண்டச்சிக் கொட்டு

மதுவத்தை மணலோடு சேர்த்து அரைத்து, அதைப் பிழிந்தெடுத்த சாற்றிலே உயிருள்ள கலம் ஒன்றேனும் எஞ்சாதிருந்தும், அதில் இட்ட சர்க்கரை நுரைத்துப் பொங்கிச் சாராயமாக மாறிய அதிசயத்தை 1897ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி எடுவார்ட் பூக்னர் எவ்வாறு கண்டார் என்பதையும், ‘உயிர்ச்சக்தி’ என்னும் பழங்கொள்கை அன்றோடு எவ்வாறு ஆட்டங்கண்டது என்பதையும் சென்ற வாரம் பார்த்தோம்.

உயிர் செய்யும் காரியங்களை உயிருக்குள் இருக்கும் பதார்த்தங்களே செய்கின்றன என்பது அந்தச் சாறு கற்பித்த பாடம். சரீரம் எப்பொருள்களால் ஆனது, அவற்றைக் கட்டுவது எது, குலைப்பது எது, கட்டுவதும் குலைப்பதும் ஒன்றையொன்று மீறாதபடி ஒழுங்குசெய்வது எது என்ற வினாக்களையே தன் விசாரணையாகக் கொண்ட சாஸ்திரந்தான் ஜீவ இரசாயனம்.

இவ்வாரம் ஐரோப்பாவின் ஆய்வுக்கூடங்களைச் சற்றே மறந்து, அந்த வினாக்கள் யாவும் பெயரில்லாமலே ஒரு மணற்கரையில் குவிந்து கிடந்த கதைக்குச் செல்வோம்.

* * *

மன்னாரிலிருந்து தெற்கே, அரிப்பையும் சிலாவத்துறையையும் தாண்டிப் போகிறவருக்குக் கொண்டச்சி இன்று ஒரு சிறு கரையோரக் கிராமம். வழியிலே, அரிப்புக் கடலோர மேட்டில், ஊரார் அல்லிராணிக் கோட்டை என்று சொல்லும் செங்கற் சிதைவு ஒன்று நிற்கிறது. புராணத்து அல்லி அரசாணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யும் பொருட்டு, ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுவித்த மாளிகை அது. ஆயினும், கடல் முத்தை ஆள ஒரு வெள்ளைக்காரன் போதாது, ஒரு ராணியே வேண்டும் என்று ஊரார் எண்ணியிருந்தால் அதிலே பிழை சொல்ல எனக்கு மனமில்லை.

1795–96இல் ஒல்லாந்தரிடமிருந்து இக்கரை ஆங்கிலேயர் கைக்கு மாறியதை அடுத்த சில ஆண்டுகளில், கொண்டச்சிக் குடாவே சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பின் நடுக்களமாயிற்று. ஆண்டின் பெரும்பகுதி ஆளரவமற்றுக் கிடந்த அந்த மணலிலே, மாசி பங்குனி வந்ததும் ஓலைக் குடில்கள் முளைக்கும். தூத்துக்குடிப் பரவர், கீழக்கரைச் சோனகர், யாழ்ப்பாணத்துக் கூலியாட்கள், முத்துச் செட்டிகள், கடல்கட்டிகள் என்று ஒரு பட்டினமே வந்து இறங்கும்.

கடல்கட்டி என்பவர் மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுகிறவர். அவர் கரையில் இருந்து மந்திரம் சொல்லாத நாளில் குளியாட்கள் நீரில் இறங்கமாட்டார்கள் என்பதால், மந்திரத்தில் நம்பிக்கையற்ற ஆங்கில அரசாங்கமும் அவருக்குப் படி அளந்து வந்தது.

பீரங்கி முழங்கியதும் இரவிலே தரைக்காற்றைப் பிடித்து வள்ளங்கள், சிப்பி விளையும் கடலடித் திட்டாகிய பாருக்குப் போகும். ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழத்தில், காலிலே கல்லைப் பூட்டிக்கொண்டு இறங்கும் குளியாள், ஏறக்குறைய ஒரு நிமிஷ நேரத்துக்குள் கைக்கு எட்டிய சிப்பியை எல்லாம் வலைப்பையில் அள்ளிக்கொண்டு கயிற்றை அசைக்க, மேலே வள்ளத்தில் கயிறு பிடித்து நிற்கும் மண்டக் என்பவன் அவனை இழுத்தெடுப்பான். பிற்பகலில் கடற்காற்றோடு வள்ளங்கள் கரைக்குத் திரும்பும்.

பலருக்கும் தெரிந்த கதை இவ்வளவே. நமக்கு வேண்டிய கதை இதற்குப் பிறகு தொடங்குகிறது.

* * *

கரைக்கு வந்த சிப்பியை உடனே பிளந்து முத்தைத் தேடுவதில்லை. பல்லாயிரத்தை ஒவ்வொன்றாகப் பிளந்து, வழுவழுத்த சதைக்குள் கடுகளவு முத்தைத் துழாவி எடுக்க எந்தக் கையாலும் இயலாது. ஆகவே வேலியடைத்த கொட்டுகளில் சிப்பிகளைக் குவித்து, வெயிலிலே அழுக விட்டுவிடுவார்கள்.

முதலில் நிகழ்வது ஒரு சிறு திறப்பு. உயிருள்ள வரையில் இரண்டு ஓடுகளையும் இறுக்கிப் பிடித்திருந்த தசை, உயிர் போனதும் தளர்கிறது; ஓடுகளின் மூட்டிலுள்ள மீள்சக்தி வாய்ந்த இணையம் அவற்றை விரிக்கிறது. அந்த இடுக்கிலே ஈ மொய்க்கிறது. சில நாட்களில் புழு நெளிகிறது. பத்து நாட்கள் அளவில் சதை குழம்பாகிறது. அதன்பின் அக்குழம்பை வள்ளத்தில் கொட்டிக் கடல்நீர் விட்டு அலசி, ஓடுகளைக் கழுவி எறிந்து, அடியில் தங்கும் மணலிலிருந்து முத்தைப் பொறுக்குவார்கள். அலசுகிறவர் ஒரு முத்தையும் விழுங்கிவிடாதபடி, கை வாய்க்குப் போகாமல் பார்க்கக் காவலர் நிற்பர்.

அந்த நாற்றத்தைப் பற்றி எழுதாத யாத்திரிகர் இல்லை. ரொபேட் பேர்சிவல் எழுதினார். ஜேம்ஸ் கோர்டினர் எழுதினார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1906இல், மறிச்சுக்கட்டிச் சலாபத்திலே சிவில் அதிகாரியாக நின்ற லெனாட் வூல்ஃபும் எழுதினார்.

நாற்றம் என்றால் என்ன என்று இரசாயனம் கேட்டுப் பார்த்தால், அது ஒரு வரலாறாகவே விரிகிறது. உயிரோடிருக்கையில் உணவைச் செரிப்பதற்கென்று சிப்பி வைத்திருந்த நொதியங்கள், உயிர் நீங்கியபின் கட்டுப்பாடின்றி அதன் சொந்தச் சதையையே செரிக்கத் தொடங்குகின்றன. பக்கத்திலே பற்றீரியங்கள் தம் நொதியங்களோடு கூட்டுச் சேருகின்றன. புரதம் உடைந்து அமினோ அமிலமாகிறது. அமினோ அமிலமும் உடைந்து அமோனியாவாகவும், கந்தகம் கலந்த ஐதரசன் சல்பைட்டாகவும், அமீன்களாகவும் பிரிகிறது. அந்த அமீன்களுள் அழுகலுக்கே உரிய இரண்டை, புத்திரசீன், கடவரீன் என்னும் பெயர்களால் 1885இல் பேர்லினிலே இனங்காட்டியவர் லுட்விக் பிரீகர்.

பூக்னரின் சாற்றிலே சர்க்கரையைச் சாராயமாக்கியதும் கொட்டிலே சதையைக் குழம்பாக்கியதும் ஒரே இனத்துப் பதார்த்தங்களே. முன்னதை விஞ்ஞானம் என்று கொண்டாடி, பின்னதற்கு மூக்கைப் பொத்திக்கொள்கிறோம், அவ்வளவுதான் பேதம்.

ஆனால் ஒரு விஷயம் இங்கே கவனிக்கத் தக்கது. சதை முழுவதும் குழம்பான பின்பும் முத்து, வந்தபடியே கிடக்கிறது. அதுவும் அதே பிராணியின் உடம்பில் விளைந்த பொருளே. அதற்குள்ளும் புரதம் இருக்கிறது. இருந்தும் பத்து நாட்கள் இத்தனை கோடிப் பற்றீரியங்களின் நடுவிலே கிடந்து, ஒளி குன்றாமல் எழுகிறது.

புரதம் அழுகும்போது எழும் அமோனியா காரத்தன்மை கொண்டது; காரம் முத்தைத் தொடாது. பழம் புளிப்பது போல் அக்குவியல் அமிலமாகப் புளித்திருக்குமாயின், சதையோடு முத்தும் தேய்ந்து மங்கியிருக்கும். கொட்டிலே சிப்பியை அழுகவிட்ட நம் முன்னோர் இரசாயனம் படித்தவரல்லர். ஆயினும் அவர்களது முறை இரசாயனத்தோடு முரண்படவில்லை.

* * *

கொண்டச்சிக் கரையை ஆண்டவர்களை அலைக்கழித்த கேள்வி வேறு. சிப்பி ஏன் சில ஆண்டுகளில் பெருகிச் சில ஆண்டுகளில் அடியோடு மறைகிறது? பெருகினாலும், ஏன் சிலவற்றில் மட்டும் முத்து இருக்கிறது?

1837க்குப் பின் பதினேழு ஆண்டுகள் சலாபமே இல்லை. அரசாங்கம் கவலைப்பட்டு, இலங்கையிலே பிறந்த இராணுவ வைத்தியரும் இயற்கை நூல் வல்லவருமான கெலார்ட் என்பவரை 1857இல் சிப்பி ஆராய்ச்சிக்கு நியமித்தது. சிப்பி தான் பற்றியிருக்கும் நூல்களை அறுத்துக்கொண்டு இடம்பெயரவல்லது என்று கண்டவர் அவர். சிப்பியின் சதைக்குள் சிறு புழுக்களையும் கண்டார். முத்துக்கும் அப்புழுக்களுக்கும் தொடர்புண்டு என்று சந்தேகித்தார். புழுவைத் தொற்றவைத்து முத்தைப் பெருக்கலாமோ என்றுகூட எண்ணினார். 1860இல் கப்பற் பிரயாணத்தில் அவர் காலமானார். எண்ணம் ஏட்டோடு நின்றது.

1891க்குப் பின் மீண்டும் வறட்சி. இம்முறை அரசாங்கம் இங்கிலாந்துக்கு எழுதிக் கேட்க, லிவர்ப்பூல் பல்கலைக் கல்லூரியின் விலங்கியற் பேராசிரியர் ஹேர்ட்மன், ஜேம்ஸ் ஹோர்ணல் என்ற உதவியாளருடன் 1902 ஜனவரியில் வந்து சேர்ந்தார். ‘லேடி ஹவ்லொக்’ என்ற நீராவிக் கப்பலிலே மன்னார்க் குடாவின் பார்களை ஒவ்வொன்றாகத் துழாவினார்கள்.

பெரிய பாரின் கதை அவர்களை வியக்க வைத்தது. அங்கே சிப்பிக் குஞ்சுகள் அடிக்கடி கோடிக்கணக்கில் தங்கும். ஆனால் முத்து விளையும் வயதுக்கு முன்னரே அழிந்து போகும். கிழக்கே செவல் பாரிலோ குஞ்சுகள் நின்று வளரும். ஆகவே, குஞ்சுகளை அள்ளிக்கொண்டுபோய் நல்ல பாரில் பரப்புங்கள் என்று ஹேர்ட்மன் சொன்னார்.

முத்தைப் பற்றி அவர் சொன்னதே பெரிதும் பேசப்பட்டது. கடலில் திரியும் திருக்கை மீனின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழுவின் குடம்பி சிப்பியின் சதைக்குள் புகுந்து அங்கே மடிய, அப்பிணத்தைச் சுற்றிச் சிப்பி படலம் படலமாகச் சுண்ணாம்பைச் சுரந்து சமாதி கட்டுகிறது. அந்தச் சமாதியே கீழைத்தேசத்து நன்முத்து. இதுவே அவர் கொள்கை.

* * *

இக்கொள்கைக்கு ஆதாரம் தேடிய முறையை நின்று பார்க்க வேண்டும்.

விலையற்ற ஒரு தூள் முத்தை, நீர் கலந்து மென்மையாக்கிய அமிலத்தில் இட்டார்கள். உடனே அதன் மேற்பரப்பிலிருந்து குமிழிகள் வரிசையாக எழுந்தன. கல்சியம் காபனேற்று கரைந்து காபனீரொட்சைட்டு வெளியேறியது. குமிழிகள் அடங்கியபோது முத்து மறைந்திருக்க வேண்டும், ஆனால் மறையவில்லை. ஒளியெல்லாம் போய், விரலால் அழுத்தினால் நசுங்கும் மங்கலான சவ்வு உருண்டை ஒன்று முத்தின் வடிவத்திலேயே அமிலத்தில் மிதந்தது. அதைச் சீவி உருப்பெருக்கியில் வைத்தால், வெங்காயத் தோல் போல ஒன்றனுள் ஒன்றாக எண்ணற்ற படலங்கள். நடுவிலே ஒரு கரு.

ஹேர்ட்மனின் கண் நேரே அந்தக் கருவுக்குப் போயிற்று. அது புழுவா, மணலா, வேறொன்றா என்பதே அவர் கேள்வி. அவர் விலங்கியலாளர், விலங்கைத் தேடியதில் வியப்பில்லை.

படலங்களை அவர் விட்டுவிட்டார் என்பதே என் குறை. சுண்ணாம்பு முழுவதும் போனபின்பும் வடிவத்தைத் தாங்கி நின்ற அந்தச் சவ்வு எது? பிரெஞ்சு இரசாயனவியலாளர் பிரெமி ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே அதற்குக் கொன்கியோலின் என்று பெயரிட்டிருந்தார். சமாதிக்குள் கிடக்கும் பிணம் யாருடையது என்று விசாரித்தவர், சமாதியைக் கட்டிய கொத்தன் யார் என்று விசாரிக்கவில்லை.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். ஹேர்ட்மன் மன்னார்க் கடலிலே மிதந்துகொண்டிருந்த அதே 1902ஆம் ஆண்டில், அவருடைய லிவர்ப்பூலிலேயே, பிரிட்டனின் முதலாவது ஜீவ இரசாயனப் பேராசிரியர் பதவி நிறுவப்பட்டு, பெஞ்சமின் மூர் என்பவர் அதில் அமர்ந்தார். இன்றும் வெளிவரும் பிரிட்டிஷ் ஜீவ இரசாயன சஞ்சிகையை 1906இல் அதே நகரில் தொடங்கியவரும் அவரே.  மூரும் ஹேர்ட்மனும் அப்போதே கூடி முத்தை ஆராய்ந்திருந்தால் அதன் சரித்திரம் வேறாக எழுதப்பட்டிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

* * *

அதற்குள் கடல் வாரி வழங்கத் தொடங்கிவிட்டது. 1903இல் சலாபம் மீண்டது. 1905இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரையேறின. அரசாங்கத்துக்கு ஏறக்குறைய 25 இலட்சம் ரூபா வருமானம். அதற்கு ஒப்பான சலாபம் மன்னார்க் கரையில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பெருமை விஞ்ஞானத்துக்குப் போயிற்று. அப்போது குளித்தெடுத்த சிப்பிகள், அவற்றின் வயதை நோக்கினால், பேராசிரியர் கப்பலேறுவதற்கு முன்பே கடலடியில் வளரத் தொடங்கியவை என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

1906இல் இலண்டனிலிருந்து வந்த கம்பனி ஒன்று, ஆண்டுக்கு 3,10,000 ரூபா கொடுப்பதென்று, இருபது ஆண்டுகளுக்கு இக்கடலைக் குத்தகைக்கு எடுத்தது. அவ்வாண்டிலும் 1907இலும் சலாபம் நடந்தது. பிறகு சிப்பி இல்லை. குத்தகை ஆறு ஆண்டுகளில் முறிந்தது.

குத்தகை முறிந்த அதே 1912இல், லிஸ்ரர் ஜேமிசன் என்ற ஆராய்ச்சியாளர் இலங்கை முத்துக்களைச் சீவிப் பார்த்து, புழுக்கொள்கை நிறுவப்படவில்லை என்று எழுதினார். பல முத்துக்களின் நடுவிலே அவர் கண்டவை, ஓட்டைப் பழுதுபார்க்கச் சிப்பியே சுரக்கும் வேறுவகைப் பொருளின் துணுக்குகள். புழு போயிற்று. கொத்தனைப் பற்றிய கேள்வி மீண்டும் முன்னே வந்து நின்றது.

* * *

கொத்தன் யார் என்பதை இன்று அறிவோம். சிப்பியின் ஓட்டை ஒட்டி உட்புறமாகப் படர்ந்திருக்கும் மென்மூடியின் மேலணிக் கலங்களே அவன். அக்கலங்கள் ஓட்டை நோக்கிச் சுரந்தால் சிப்பியோடு; ஏதோ காரணத்தால் சதைக்குள் தள்ளுண்டு, பை போல மூடிக்கொண்டு, தமக்குள்ளேயே சுரந்தால் முத்து.

அவை கையாளும் மூலப்பொருள் கடலிலேயே இருக்கிறது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் கல்சியம் கரைந்துள்ளது. அதோடு சேரவேண்டிய காபனேற்றை விரைவாக ஆக்கித் தருவதற்கு ஒரு நொதியம் வேண்டும். காபனீரொட்சைட்டை நீரோடு சேர்க்கும் அத்தகைய நொதியத்தை 1933இல் கேம்பிரிட்ஜிலே மெல்ட்ரம், ரஃப்டன் இருவரும் குருதியின் செங்கலங்களிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். நாம் விடும் மூச்சுக்கு உதவுவது அதுவே. 1996இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் முத்துச்சிப்பியின் ஓட்டிலே ஒரு புரதத்தைக் கண்டபோது, அதன் ஒரு பகுதி அதே நொதியத்தின் அச்சாக இருந்தது. குளியாள் ஆழ்கடலிலே அடக்கிவைத்த மூச்சுக்கும் அவன் கையில் அகப்பட்ட முத்துக்கும் ஒரே நொதியக் குடும்பம் ஊழியம் செய்கிறது.

கரைந்த கல்சியம் திண்மமாக இறங்கும்போது, புரதப் படலங்களே அதற்கு ஒழுங்கு சொல்கின்றன. ஓட்டின் வெளிப்புறத்தில் கல்சைற்று என்னும் தூண்பளிங்காகவும், உட்புறத்தில் அரகோனைற்று என்னும் மெல்லிய தகடாகவும் இறங்குவது ஒரே பொருள்தான். எங்கே எது என்று தீர்மானிப்பது அந்தந்த இடத்துப் புரதம்.

தகடு ஒன்றின் தடிப்பு மில்லிமீற்றரில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஒளியின் அலைநீளமும் அவ்வளவே. அதனால்தான் படலந்தோறும் மீளும் ஒளி ஒன்றோடொன்று மோதி நிறம் காட்டுகிறது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன் 1930களில் சிப்பி ஓடுகளின் வானவில் நிறத்தையும், 1954இல் முத்தின் ஒளியையும் ஆராய்ந்ததும் இந்தப் படலங்களைக் கொண்டே.

கொட்டிலே அழுகல் தொடாத காரணமும் இப்போது துலங்குகிறது. முத்தின் எடையில் மிகச் சிறு பங்கான அந்தப் புரதம், கற்றகடுகளின் நடுவே அடைபட்டிருக்கிறது. பற்றீரியம் நுழைய அங்கே இடமில்லை. கல்லைத் தின்னும் நொதியம் அவற்றிடம் இல்லை. அமிலம் மாத்திரமே அந்த மதிலைக் கரைக்கும். வேர்வை பட்ட முத்தைத் துடைத்து வைக்க வேண்டும் என்று பாட்டிமார் சொல்வதும் இதையே.

* * *

இனி, கதை மன்னார்க் குடாவின் அக்கரைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னே, ஹேர்ட்மன் புழுவைத் தேடிய அந்த ஆண்டுகளில் ஜப்பானியத் தீவுகளில் சிலர் மனத்திலே உருவாகிக்கொண்டிருந்த எண்ணத்தைச் சொல்லி நிறுத்துகிறேன்.

முத்துக்கு வேண்டியது புழுவல்ல, மென்மூடியின் கலம் என்றால், அந்தக் கலத்துக்குக் கடலின் தயவும் விபத்தின் தயவும் எதற்கு? ஒரு சிப்பியின் மென்மூடியிலிருந்து சிறு துண்டை அறுத்து, மற்றொரு சிப்பியின் சதைக்குள் ஓர் ஓட்டு மணியோடு சேர்த்து நட்டால், அந்நிய உடம்பிலே அந்தக் கலங்கள் மடிந்து அழுகுமா, அல்லது தம் தொழிலை மறவாமல் முத்தைச் சுரக்குமா?

(தொடரும்)